சத்துருவின் மாடு

நொச்சிகுளத்தில் அன்னக்கொடியின் வாய்க்கு அஞ்சாதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள் கொழுந்தன் பெண்டாட்டி மாயக்காள். இன்னொருவர் கர்த்தர். மாயக்காளோடு அவள் பகல் முழுவதும் சண்டை போட்டாள். கர்த்தரோடு போடும் சண்டையை விடியற்காலையில், வாசலுக்குச் சாணி தெளிக்கும்போது வைத்துக்கொண்டாள். முதல் சண்டையில் பெரும்பாலும் அவளுக்குத்தான் ஜெயம். இரண்டாவதில் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

திருமங்கலத்துக்கு மேற்கே மூன்று மைல் தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது நொச்சிகுளம். 1929-ஆம் வருஷம் அந்த ஊரில் ஏழு குடும்பங்கள் ஞானஸ்நானம் பெற்றன. அதில் அன்னக்கொடியின் குடும்பமும் ஒன்று. அவள் புருஷன் வெள்ளைத்துரை அதிகம் பேசாதவன். உபதேசியார் ஞானசிகாமணியிடம் எழுத்துக்கூட்டிப் படிக்கப் போனவன், படித்ததை வீட்டில் வந்து மெதுவாகச் சொல்லுவான். அன்னக்கொடி லேசில் ஒத்துக்கொள்கிறவள் இல்லை. அதெப்படி, இதெப்படி என்று ஒரு வருஷத்துக்கு மேல் உபதேசியாரைக் கேள்வி கேட்டே இளைக்க வைத்தாள். ஆனால் ஒருதரம் சரி என்று சொல்லிவிட்டால் அவளுக்கு அதோடு முடிந்தது. பிறகு கூட்டிக் குறைத்துப் பேசுகிற பழக்கமே கிடையாது.

"பத்துக் கட்டளையில ஒம்பதை வச்சுக்கிட்டு ஒண்ணத் தள்ளுபடி பண்ணச் சொல்ல, இது என்ன கத்திரிக்கா யாவாரமாய்யா?" என்று அவள் உபதேசியாரையே கேட்டதுண்டு.

அவளுக்குக் கஷ்டம் வந்தது கிணற்றில்.

வெள்ளைத்துரைக்கும் அவன் சித்தப்பா மகன் பேயாண்டிக்கும் ஒரே பங்குக் கிணறு. இரண்டு பேர் தோட்டமும் அதன் இரண்டு பக்கத்தில். கமலை பூட்டி, ஜோடி மாடுகளைச் சரிவில் ஓட்டி, தோல் சாலில் தண்ணீர் இறைப்பார்கள். ஒருநாள் அவர்கள் முறை, மறுநாள் இவர்கள் முறை. அப்பன்மார் காலத்திலிருந்து அப்படித்தான் நடந்தது. ஞானஸ்நானம் பெற்ற பிறகு வெள்ளைத்துரை ஞாயிற்றுக்கிழமையில் மாடு பூட்டுவதில்லை. தன் முறை அன்றைக்கு விழுந்தால், போனால் போகிறது என்று விட்டுவிடுவான்.

இதை மாயக்காள் கவனித்துக்கொண்டே இருந்தாள். சொந்தக்காரர்கள் சாமியை மாற்றிக்கொண்டதில் அவளுக்குத் தாங்க முடியாத கோபம். முளைப்பாரிக்கு வரமாட்டோம், பொங்கலுக்குக் கிடா வெட்டமாட்டோம் என்று சொன்னவர்களை எப்படிச் சும்மா விடுவது? ஒருநாள் ஊர்க்கூட்டத்தில் நாட்டாமை விருமாண்டி முன்னால் போய் நின்று, பூனை மாதிரி பேசினாள்.

"ஒருநாள் விட்டு ஒருநாள்னா கணக்கு மாறி மாறிச் சண்டை வருது மாமா. கிழமை வச்சுக்கிருவோம். எங்களுக்குத் திங்கள், புதன், வெள்ளி. அவுகளுக்குச் செவ்வாய், வியாழன், ஞாயிறு. சனிக்கிழமை கிணறு சும்மா கெடந்து ஊறட்டும். ஞாயித்துக்கிழமை காலையில வாய் வரைக்கும் நிக்கிற தண்ணிய எங்க பெரியத்தான் வீடே எறைச்சுக்கட்டும். மூத்தவுகளுக்கு விட்டுக் கொடுக்கிறதுதானே முறை?"

ஊரே அவளை மெச்சியது. "இம்புட்டுப் பெரிய மனசு எவளுக்கு வரும்!" என்றார் நாட்டாமை. அன்னக்கொடி வாயைத் திறந்தாள். ஆனால் என்ன சொல்வது? நிறைந்த கிணறு எங்களுக்கு வேண்டாம் என்றா? திறந்த வாயை அப்படியே மூடினாள். அவள் வாழ்க்கையில் அது முதல் தடவை. மாயக்காள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை கிணறு தளும்பி நின்றது. படிக்கட்டில் மேல்படி வரை தண்ணீர். மிளகாய்ச் செடிகள் வாடிக்கிடந்தன. இவர்கள் கமலை பூட்டுகிறார்களா இல்லையா என்று பார்ப்பதற்காகவே பாதி ஊர் அந்தப் பக்கமாக நடமாடியது. அன்னக்கொடி விடியற்காலையில் சாணி தெளித்துக்கொண்டே வானத்தைப் பார்த்துப் பேசினாள்.

"ஆண்டவரே, ஒமக்குக் கண்ணு தெரியுதுல்ல? அவ என்ன பண்ணியிருக்கான்னு பாத்தீருல்ல? ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை கண்ணை மூடிக்கிருமேன்."

பதில் அவளுக்கே தெரிந்திருந்தது. மாடுகளுக்கு வைக்கோல் போட்டாள். குளித்தாள். பிள்ளைகளுக்குத் தலைவாரி, கூரைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மறுநாள் திங்கட்கிழமை பேயாண்டி காலையிலிருந்து இருட்டும்வரை பாட்டுப் பாடிக்கொண்டே இறைத்தான்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. அந்த இரண்டு வருஷமும் மிளகாய் சுமாராகத்தான் காய்த்தது. செவ்வாயும் வியாழனும் கிடைத்த அரைக் கிணற்றுத் தண்ணீர் போதாமல், ஊருணியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து செடிக்கு ஊற்றினாள் அன்னக்கொடி. பக்கத்துக் காட்டுக்காரி அழகம்மாளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"ஏத்தா அன்னக்கொடி, ஒரு ஞாயித்துக்கிழமை பூட்டுனா ஒங்க சாமி கண்ணக் குத்திருமா?"

"கண்ணக் குத்துற சாமியா இருந்தா ஏமாத்திப் பாத்திருப்பேனே, அக்கா. இவரு சிரிச்ச முகமால்ல பாக்குறாரு. இவர எப்பிடி ஏமாத்துறது?" என்று சொல்லிவிட்டு அடுத்த குடத்துக்குப் போனாள் அன்னக்கொடி.

ஓய்வுநாளைக்கூட அவளால் சமாளிக்க முடிந்தது. நாக்கைத்தான் முடியவில்லை. சபிக்கிறவர்களை ஆசீர்வதியுங்கள் என்று உபதேசியார் சொன்னபோது அவளுக்குப் பகீரென்றது. அதுவரை மாயக்காளுக்கென்று அவள் சேர்த்து வைத்திருந்த வசவுகள் எல்லாம் என்னாவது? ஆனால் சொன்னால் சொன்னதுதான். மாயக்காளை ஏசுவதை நிறுத்தினாள். அதற்குப் பதிலாக மாயக்காளின் மாட்டை ஏசத் தொடங்கினாள்.

பேயாண்டியிடம் மயிலை நிறத்தில் ஒரு கமலை மாடு இருந்தது. போன சித்திரையில் திருப்பரங்குன்றத்துப் பக்கம் காளை என்பவரிடம் வாங்கியது. வரப்புத் தாண்டி வந்து அன்னக்கொடியின் சோளத்தட்டையை மேய்வதில் அதற்குத் தனிச் சுகம். "ஏய் களவாணி! கொழுத்துப் போன கழுதை! ஒன் வீட்டுல ஒனக்குக் கஞ்சி ஊத்தலையா?" என்று, வரப்புக்கு அந்தப் பக்கம் களையெடுக்கிற மாயக்காளின் காதில் விழுகிற மாதிரிக் கத்துவாள். உபதேசியார் கேட்டபோது, "மாட்டத்தான்யா ஏசுறேன். மாட்ட ஏசக்கூடாதுன்னு எங்கயாச்சும் எழுதியிருந்தா காட்டுங்க, விட்டுர்றேன்" என்றாள். உபதேசியார் தேடிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். மயிலைக்கு அவள் குரல் நன்றாகப் பழகிப்போனது. அவள் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்த்து, ஆசையாக ஒரு தரம் கத்தும்.

உபதேசியார் தேடித்தான் பார்த்திருக்க வேண்டும். மதுரையில் ஸ்தோத்திரப் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்த சமயம். ஒரு புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில், சத்துருவின் மாடு வழிதப்பிப் போவதைக் கண்டால் அதைத் திரும்ப அவனிடத்தில் கொண்டுபோய் விடவேண்டும் என்று மோசே எழுதியதை எடுத்து வாசித்தார். அன்னக்கொடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதே வாரத்தில் மயிலை காணாமல் போய்விட்டது.

தொழுவத்தில் கட்டியிருந்த மாடு, காலையில் பார்த்தால் இல்லை. கள்ளன் கொண்டுபோய்விட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேயாண்டி தெற்கே ஊர் ஊராகத் தேடி அலைந்தான். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு கமலை பூட்ட முடியாது. திங்கட்கிழமை கிணறு அசையவில்லை. செவ்வாய்க்கிழமை அன்னக்கொடி வீட்டுக்குத் தளும்பத் தளும்பத் தண்ணீர். வியாழக்கிழமையும் அப்படியே. மிளகாய்ச் செடி ஒவ்வொன்றும் நிமிர்ந்து நின்றதைப் பார்த்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பண்டிகையில் பாடவேண்டிய கீர்த்தனையைத் தோட்டம் முழுக்கக் கேட்கும்படி பாடினாள்.

"கர்த்தர் நம்ம வழக்க விசாரிச்சுட்டாரு, பாத்தீகளா?" என்றாள் புருஷனிடம்.

வெள்ளைத்துரை மடையைத் திருப்பிக்கொண்டே, "மாடு போன வீட்டப் பாத்துப் பாடாத புள்ள" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவள் பாட்டைக் கொஞ்சம் மெதுவாக்கினாள், நிறுத்தவில்லை.

பண்டிகை ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலையிலேயே நொச்சிகுளத்துச் சபையார் ஒரு வண்டி கட்டிக்கொண்டு மதுரைக்குப் புறப்பட்டார்கள். பசு கன்று போடுகிற நேரமாக இருந்ததால் வெள்ளைத்துரை வீட்டில் தங்கிவிட்டான். அன்னக்கொடிக்கு இதுதான் முதல் பண்டிகை. பந்தலில் எல்லாச் சபையும் கூடியிருக்கும்போது, நொச்சிகுளத்துக் கீர்த்தனையை முன்னின்று பாடவேண்டியவள் அவள்தான். இரண்டு மாதமாகப் பாடிப் பழகியிருந்தாள். மடியில் காணிக்கைக்கு ஒரு பெரிய பூசணிக்காய். ஊருணித் தண்ணீர் ஊற்றி அவளே வளர்த்தது. குழந்தையைப் போல அதை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திருமங்கலம் தாண்டி, வெயில் ஏறி, திருப்பரங்குன்றத்து மலை பெரிதாகத் தெரியத் தொடங்கிய இடம். உபதேசியார் வண்டியின் ஆட்டத்தில் கண்ணயர்ந்துவிட்டார். மற்றப் பெண்களும் தூங்கி வழிந்தார்கள். அன்னக்கொடி மட்டும் விழித்துக்கொண்டு வேடிக்கை பார்த்து வந்தாள்.

ரோட்டோரக் கண்மாய்க் கரையில், அறுந்த கயிற்றைக் கழுத்தில் இழுத்துக்கொண்டு, மயிலை மேய்ந்துகொண்டிருந்தது.

பழைய சொந்தக்காரரைத் தேடி அது தானாகவே நடந்து வந்திருக்கிறது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அடுத்த கணமே இன்னொன்றும் புரிந்தது. வேறு யாரும் இதைப் பார்க்கவில்லை. வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கண்மாய் பின்னால் போய்விடும். மாடு கிடைக்காவிட்டால் கிணறு முழுக்க நமக்கு. கிடைத்தால் பண்டிகை இல்லை, பாட்டு இல்லை, மறுபடி ஊருணிக்குக் குடம் சுமக்க வேண்டும்.

'கண்டால்' என்றுதானே எழுதியிருக்கிறது? காணாவிட்டால்? அன்னக்கொடி முந்தானையைக் கண்வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டாள். மனசு அடங்குவதற்காகக் கீர்த்தனையைச் சத்தமாகப் பாடினாள்.

அதுதான் தப்பாகிவிட்டது. பழகிய குரலைக் கேட்டதும் மயிலை தலையைத் தூக்கியது. ஆசையாக ஒரு கத்துக் கத்தியது. கரையிலிருந்து இறங்கி, வண்டிக்குப் பின்னாலேயே வரத் தொடங்கியது.

அன்னக்கொடி முந்தானையை விலக்கி மாட்டைப் பார்த்தாள். பிறகு, "சரி ஆண்டவரே, சரி. பாத்துட்டேன்" என்று முணுமுணுத்தாள். "அண்ணே, வண்டிய நிறுத்துங்க!"

கீழே இறங்கிக் கயிற்றைப் பிடிக்கப் போனாள். மயிலைக்கு அவள் குரல் பிடிக்குமே தவிர, அவள் கைக்கு அகப்படுவதில் இஷ்டமில்லை. கிட்டப் போனால் நாலடி தள்ளிப் போயிற்று. இவள் நின்றால் அதுவும் நின்றது. வண்டியில் இருந்தவர்கள் விழித்துக்கொண்டு, "யார் மாடு இது? மாயக்கா மாடா? அவ மாட்டுக்காக நீ ஏத்தா வெயில்ல ஓடுற? பாட்டு யாரு பாடுறது?" என்று கூச்சல் போட்டார்கள். அன்னக்கொடி திரும்பி வந்தாள். வண்டியிலிருந்து பூசணிக்காயைத் தூக்கினாள். ரோட்டோர மைல்கல்லில் ஓங்கி ஒரு போடு போட்டாள். அது மூன்று துண்டாயிற்று.

"அன்னக்கொடி! அது காணிக்கை!" என்று பதறினார் உபதேசியார்.

"காணிக்கைதான்யா. போன வாரம் நீங்க வாசிச்சீகளே, அதுக்குத்தான் போடுறேன்" என்று சொல்லி, ஒரு துண்டை மயிலையின் முன்னால் நீட்டினாள்.

உபதேசியார் வண்டியிலிருந்து இறங்கினார். மிச்சத் துண்டுகளைப் பொறுக்கி அவள் முந்தானையில் போட்டார். மாடு தின்றுகொண்டிருக்கும்போதே கயிறு அவள் கைக்கு வந்துவிட்டது. வண்டி மதுரைப் பக்கம் போனது. அவள் மாட்டோடு தெற்கே திரும்பினாள். வண்டி கண்ணுக்கு மறையும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் நடந்தாள். கொஞ்சம் அழுகையும் வந்தது. மாடு பக்கத்தில் வந்து உரசியபோது, "ஒன்னால வந்த வினைடா, களவாணி" என்று ஏசினாள். ஏசியதில் கொஞ்சம் தெம்பு வந்தது.

மாடு லேசில் வரவில்லை. நிழல் கண்ட இடத்திலெல்லாம் படுத்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு சில்லு பூசணி. திருமங்கலத்துக் கடைத்தெருவில் ஒரு போலீஸ்காரர் வழி மறித்தார். மாட்டுத் திருட்டுக்குப் பேர்போன காலம். பொம்பளை ஒருத்தி தனியாக, அறுந்த கயிற்றோடு ஒரு கமலை மாட்டைப் பிடித்துப் போனால் கேட்காமல் விடுவாரா?

"ஏம்மா, மாடு யாருது?"

"என் சத்துருவோடதுங்க."

"என்னது?"

"எங்களோட சண்டை போடுற கொழுந்தன் பெண்டாட்டி மாடுங்க. காணாமப் போச்சு. பரங்குன்றத்துப் பக்கம் மேஞ்சுச்சு. கொண்டுபோய் விடப் போறேன்."

போலீஸ்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "சண்டக்காரி மாட்ட எவளாச்சும் பத்து மைலு நடந்து கொண்டுபோய் விடுவாளா? வேற கதை இருந்தா சொல்லு."

"நானா இருந்தா விட்டிருக்க மாட்டேனுங்க," என்றாள் அன்னக்கொடி உள்ளபடி. "எங்க ஆண்டவர் விட மாட்டேங்குறாரு."

கடைத்தெருவே சிரித்துவிட்டது. போலீஸ்காரரும் சிரித்தார். "இப்பிடி ஒரு பொய்ய எவனும் யோசிச்சுச் சொல்ல முடியாது. போம்மா" என்று வழிவிட்டார்.

பொழுது சாயும்போது நொச்சிகுளத்துக்கு வந்து சேர்ந்தாள். காலெல்லாம் கொப்புளம். மாயக்காள் வீட்டு வாசலில் மாட்டை நிறுத்தி, கயிற்றை வாசல் தூணில் கட்டினாள். சத்தம் கேட்டு மாயக்காள் ஓடிவந்தாள். மாட்டைக் கண்டதும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு அன்னக்கொடியைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"அப்ப நீதான் ஒளிச்சு வச்சிருந்தியா? ரெண்டு நாளு நெறைஞ்ச கிணத்துல எறைச்சாச்சு, பாட்டுப் பாடியாச்சு. ஊருல பேச்சு வரவும் பயந்துபோயி இழுத்துட்டு வந்திட்டியாக்கும்! ஊராரே, வந்து பாருங்க!"

ஊரார் வந்து பார்த்தார்கள். அன்னக்கொடியின் நாக்கு நுனியில் இரண்டு வருஷத்து வசவுகள் அத்தனையும் வந்து வரிசையாக நின்றன. ஒரே ஒரு வார்த்தையை வெளியே விட்டால் போதும், மற்றவை தானாக வரும். பத்து மைல் நடந்ததைவிட அந்தக் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான் பெரிய பாடு என்று பிற்காலத்தில் அவளே சொல்லியிருக்கிறாள்.

"நான் ஒளிக்கல. பரங்குன்றத்துல நின்னுச்சு. கொண்டாந்தேன்," என்று மட்டும் சொன்னாள். "மாட்டுக்குத் தண்ணி காட்டு. வழியில குடிக்கல."

வீட்டுக்கு வந்ததும் ஒரு அழுக்குத் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு துவைகல்லுக்குப் போனாள். அன்றைக்கு அந்தத் துணிகள் பட்ட அடியைப் போல எந்தத் துணியும் பட்டிருக்காது. வெள்ளைத்துரை வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து அவள் காலில் ஊற்றினான். பசு கிடாரிக் கன்று போட்டிருப்பதைச் சொன்னான். பிறகு, "நல்ல காரியம் செஞ்ச புள்ள" என்றான். அவள் அப்போதுதான் விசும்பி அழுதாள்.

அந்த வாரம் முழுவதும் ஊரில் இரண்டு விதமாகப் பேச்சு. திங்கட்கிழமை பேயாண்டி கமலை பூட்டினான், பாடவில்லை. வெள்ளிக்கிழமை திருமங்கலத்துச் சந்தைக்குப் போயிருந்தபோது, மாட்டை விற்ற பரங்குன்றத்துக் காளை அவனைத் தேடிக்கொண்டு வந்தார். "ஒம்ம மாடு எங்க தொழுவத்துல வந்து நின்னுச்சுப்பா. கட்டிப்போட்டேன், கயித்த அறுத்துட்டுப் போயிருச்சு. சேதி சொல்லத்தான் வந்தேன். மாடு வந்துச்சா இல்லையா?" என்று கேட்டார். பேயாண்டி சந்தைச் சாமானைக்கூட வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோயிலில் உபதேசியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். கோயில், தோட்டத்துக்கு அடுத்தாற்போல்தான். திடீரென்று கமலை உருளையின் கிறீச்சுச் சத்தம் கேட்டது. எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். ஆனால் எல்லாக் காதும் அந்தப் பக்கம் திரும்பியது. அன்னக்கொடிக்கு இரத்தம் கொதித்தது. 'நம்ம முறையையும் எடுத்துக்கிட்டானே!' என்று பாதி எழுந்துவிட்டாள். உபதேசியாரின் ஜெபம் முடிகிற வழியாக இல்லை. பாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். அன்றைக்கு அந்த ஜெபம் நீண்டது போல என்றைக்கும் நீண்டதில்லை.

ஆமென் சொன்னதும் ஓடினாள். பின்னால் வெள்ளைத்துரை, அவனுக்குப் பின்னால் சபை முழுவதும்.

கமலைச் சரிவில் பேயாண்டி மாடுகளை ஓட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் ஓடியது அவன் வாய்க்காலில் இல்லை. அன்னக்கொடியின் மிளகாய்த் தோட்டத்துக்குள் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது. பாத்திக்குப் பாத்தி மடை திருப்பிக்கொண்டு, கையில் மண்வெட்டியோடு, முழங்கால்வரை சேற்றில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றவள் மாயக்காள்!

"மதினி," என்று பேயாண்டி சரிவிலிருந்தே கத்தினான். "ஒங்க முறைத் தண்ணி வீணாப் போக வேணாம்னு நாந்தான் எறைக்கிறேன். அண்ணே, நீங்க மாட்டத் தொட வேணாம். கோயிலுக்குப் போயிட்டு வாங்க!"

அன்னக்கொடி வரப்பில் நின்று மாயக்காளைப் பார்த்தாள். மாயக்காள் நிமிராமல் பேசினாள். "என்னத்தப் பாக்குற? எம் புருசன் சொன்னாக, நிக்கேன். மாட்டுக்குப் பூசணிக்கா போட்டியாமே? நல்லாப் பழக்கிவிட்டுட்ட. இப்ப அதுக்கு வைக்கோல் எறங்க மாட்டேங்குது." மண்ணைக் கிளறிக்கொண்டே, "காலு கொப்புளம் ஆறிருச்சா அக்கா?" என்றாள்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த 'அக்கா' அன்னக்கொடியின் காதில் விழுந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. "மடைய அப்பிடியாடி திருப்புவாக? பாத்தி ஒடையப் போகுது!" என்று கத்தினாள். சபையார் கொல்லென்று சிரித்தார்கள்.

ஆனாலும் அன்றைக்குச் சாயங்காலம் அவள் மனசு ஒப்பவில்லை. ஓய்வுநாளில் நீயும் வேலை செய்யாதே, உன் மாடும் செய்ய வேண்டாம், உன் வாசலில் இருக்கிற அந்நியனும் செய்ய வேண்டாம் என்றுதானே சொல்லியிருக்கிறது? தன் செடி பிழைப்பதற்காக இன்னொருத்தன் ஞாயிற்றுக்கிழமை உழைக்கலாமா? உபதேசியாரைக் கேட்டால் அவர் தலையைச் சொறிந்தார். அன்னக்கொடி நேரே பேயாண்டி வீட்டுக்கே போய்விட்டாள்.

"கொழுந்தனாரே, ஒங்க புண்ணியத்துல செடி பொழச்சிருச்சு. ஆனா இனிமே வேணாம். எங்களுக்காக நீங்களும் வாயில்லாச் சீவனும் ஞாயித்துக்கிழமை பாடுபடக் கூடாது."

பேயாண்டிக்கு ஒன்றும் புரியவில்லை. "எறைக்காட்டியும் தப்பு, எறைச்சுக் குடுத்தாலும் தப்பா? பெறகு என்னதான் மதினி செய்யச் சொல்றீக?"

"கிணத்தச் சனிக்கிழமைக்குப் பதிலா ஞாயித்துக்கிழமை சும்மா போடுவோம். சனிக்கிழமை நாங்க எறைச்சுக்கிறோம்."

மாயக்காள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு கணம் மனசுக்குள் கிழமைகளை எண்ணிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "அப்ப திங்கக்கிழமை காலையில நெறைஞ்ச தண்ணி எங்களுக்கா?"

"ஒனக்குத்தான்டி, எடுத்துக்க."

அன்று முதல் நொச்சிகுளத்துப் பங்குக் கிணறு ஞாயிற்றுக்கிழமை தோறும் ஓய்வெடுத்தது. அடுத்த வருஷப் பண்டிகைக்கு அன்னக்கொடி போனாள், பாடினாள். மதுரையைப் பார்க்க வேண்டும் என்று மாயக்காளும் வண்டியில் ஏறிக்கொண்டாள். பந்தலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, பாட்டு நடுவில் ஓரிடத்தில் இழுவை சரியில்லை என்று ஊர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். மாயக்காள் சாமியை மாற்றிக்கொள்ளவில்லை. அன்னக்கொடி அவளுக்காக ஜெபிப்பதையும் நிறுத்தவில்லை. இருவரும் சண்டை போடுவதை நிறுத்தினார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆனால் சண்டை முடிந்ததும் ஒரே அம்மியில் சேர்ந்து அரைத்தார்கள். மாயக்காளுக்கு விஷக் காய்ச்சல் வந்து பிழைப்பாளோ மாட்டாளோ என்று கிடந்தபோது, கஞ்சி ஊட்டியது அன்னக்கொடி. அன்னக்கொடியின் மகள் ஜெயக்கொடிக்குக் கோயிலில் கல்யாணம் நடந்தபோது, சாம்பாருக்குப் புளி கரைத்ததிலிருந்து பந்தி விசாரித்தது வரை மாயக்காள்தான்.

யுத்தம் வந்தது. அன்னக்கொடியின் மகன் யாக்கோபு பட்டாளத்தில் சேர்ந்து போனான். தானியத்துக்கு ரேஷன் வந்தது. வீட்டில் எத்தனை வாய் என்று சாவடியில் வந்து சொல்ல வேண்டும், அதன்படி அளப்பார்கள். ஊரில் வாய்கள் திடீரென்று பெருகிவிட்டன. இலங்கைக்குப் போனவர்கள் கணக்கில் திரும்பி வந்தார்கள். செத்தவர்கள் சிலர்கூடக் கஞ்சி கேட்டார்கள். கணக்குப்பிள்ளை பிச்சுமணிக்கு எல்லாம் தெரியும். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

அன்னக்கொடியின் முறை வந்தது. "மூணு வாயுங்க. நாங்க ரெண்டு பேரும், சின்னவனும்."

"யாக்கோபை விட்டுட்டியே? பிள்ளை லீவுல வரமாட்டானா? சேர்த்துப் போட்டுக்கறேன்" என்றார் பிச்சுமணி, நல்ல மனசோடு.

"வேணாஞ்சாமி. அவனுக்கு ராசா சோறு போடுறாரு. ஒரு வயித்துக்கு ரெண்டு எடத்துல அளக்கலாமா?"

அவளுக்குப் பின்னால் நின்றவள் மாயக்காள். அவள் வீட்டில் ஐந்து பேர். இறந்துபோன மாமியாரையும் பரமக்குடியில் வாழ்க்கைப்பட்ட மகளையும் சேர்த்து ஏழு என்று சொல்வதாக வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தாள். வாயைத் திறந்தாள். முன்னால் ஒதுங்கி நிற்கிற அன்னக்கொடியின் முதுகைப் பார்த்தாள். அன்னக்கொடி திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

"எத்தனை வாய் மாயக்கா?"

"ஏ..." என்று இழுத்தாள் மாயக்காள். தொண்டையில் ஏதோ அடைத்தது. "அஞ்சு. அஞ்சேதான். எழுதித் தொலைங்க."

சாவடியிலிருந்து வீடு வரும்வரை அவள் அன்னக்கொடியை விடவில்லை. "எம் மாமியா பங்கு போச்சு. மக பங்கும் போச்சு. ஒனக்குப் பின்னால நின்னேன் பாரு, எம் புத்தியச் செருப்பால அடிக்கணும். ஒன் ஆண்டவரு ஒன்னப் பாத்துக்கிட்டா போதாதா, எனக்கு எதுக்குடி தொண்டைய அடைக்கிறாரு?"

"அத அவருகிட்டயே கேளு. நான் காலையில சாணி தெளிக்கையில கேப்பேன், நீயும் கேளு" என்றாள் அன்னக்கொடி.

அளந்து போட்ட தானியம் இரண்டு வீட்டுக்குமே போதவில்லை. இரண்டு அடுப்பு எரித்து விறகையும் கெடுப்பானேன் என்று, அந்த வாரத்திலிருந்து ஒரே பானையில் கூழ் காய்ச்சினார்கள். சாயங்காலம் அன்னக்கொடி வீட்டு முற்றத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். அன்னக்கொடி கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள். பட்டாளத்தில் இருக்கிற மகனுக்காகவும் கூடக் கொஞ்சம் சொன்னாள். மாயக்காள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் மூடியிருந்தாள். மற்றக் கண்ணால் பானையை நாய் நெருங்காமல் பார்த்துக்கொண்டாள்.

"உப்புப் பத்தல" என்றாள் முதல் வாய் குடித்ததும்.

"நீதானடி போட்ட?"

"நீ செபம் பண்ண ஆரம்பிச்சுட்ட, அதுல மறந்துட்டேன்."

வெள்ளைத்துரையும் பேயாண்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், அடுத்த தடவைக்குச் சட்டியை நீட்டினார்கள்.